கேட்ட விலைக்கே

நவம்பர் 9, சனி

ஃபெஸ் நகருக்கு வந்து சேர்ந்தோம். காயல்பட்டினத்தில் வண்டி ஏறியபோது நானும் என் மனைவி ஜுலைஹாவும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். துபாயில் பேச்சு குறைந்தது. காஸாபிளாங்காவில் ரயில் ஏறும்போது சைகைதான்.

முதலில் ஒன்றை எழுதி வைத்துவிடுகிறேன். நான் மொராக்கோவுக்கு ஊர் பார்க்க வந்திருக்கிறேன். மாப்பிள்ளை பார்க்க வரவில்லை.

என் ஒரே மகள் முஃபீதா காஸாபிளாங்காவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட வேலை பார்க்கும் யூனுஸ் என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். பையனுக்குச் சொந்த ஊர் இந்த ஃபெஸ். "நீங்க வந்து பாருங்க வாப்பா. பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று போனில் சொன்னாள். அழுதிருந்தால் கோபப்பட்டிருப்பேன். அவள் அழவில்லை. டிக்கெட் போட வேண்டியதாகிவிட்டது.

என் முடிவு வேண்டாம் என்பதுதான். எங்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். முஃபீதாவுக்காக மாடியில் கடல் பார்த்த அறை ஒன்று கட்டி, டைல்ஸ் ஒட்டி, குளியலறையும் வைத்து, இரண்டு வருடமாகப் பூட்டி வைத்திருக்கிறேன். குழாய் ஒழுகுகிறது. ஆள் வரும்போது சரி செய்துகொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். அவள் இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டால் அந்த அறையில் தேங்காய் போட்டு வைக்கலாம்.

ஆனால் காரணம் இல்லாமல் வேண்டாம் என்று சொன்னால் நான் கெட்ட வாப்பா ஆகிவிடுவேன். ஒரு குறை வேண்டும். குடும்பத்தில் குறை இல்லாத ஆள் யார்? அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டில் சந்திப்பு. நாங்கள் வெள்ளிக்கிழமைதான் வருகிறோம் என்று அவர்களிடம் சொல்லச் சொன்னேன். "சொல்லிட்டேன் வாப்பா" என்றாள், காஸாபிளாங்காவிலிருந்து எங்களோடு வந்திருக்கும் முஃபீதா, என் முகத்தைப் பார்க்காமல்.

ஜுலைஹாவின் பெட்டியில் துணி சுற்றிய பொட்டலம் ஒன்று. என்ன அது என்றால், "பருப்புப் பொடி" என்கிறாள். பருப்புப் பொடி குலுக்கினால் கலகலக்காது.

நவம்பர் 10, ஞாயிறு

சம்பந்தம் பேசுமுன் விசாரிப்பது எங்கள் முறை. பையன் தெருவுக்குப் போய், பள்ளிவாசலில் ஒருவர், டீக்கடையில் ஒருவர், எதிர்வீட்டில் ஒருவர் என்று, யார் எதற்கு என்று தெரியாதபடி பேச்சுக் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஊரில் மூன்று சம்பந்தங்கள் என் விசாரணையால் நின்றிருக்கின்றன.

பையனின் தகப்பனார் ஹாஜ் இத்ரீஸுக்கு இங்கே பழைய நகரத்தின் ஜவுளிக் கடைத்தெருவில் கடை. நானும் முப்பத்தைந்து வருடம் திருநெல்வேலியில் ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் நின்றவன். வாடிக்கையாளரைப் போல உள்ளே போனால் போதும், ஆளை எடை போட்டுவிடுவேன்.

காலையில் கைலி, வெள்ளைச் சட்டை, தொப்பியோடு டீ குடிக்க இறங்கினேன். ஊரோடு கலந்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நீல ஓடு பதித்த பெரிய வாசல் வழியாக நுழைந்தால் தெரு கீழே இறங்கிக்கொண்டே போகிறது. எங்கள் ஊர் முடுக்குகள் போலத்தான் சந்துகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். எங்கள் முடுக்கில் கோவேறு கழுதை வராது. இங்கே கேஸ் சிலிண்டர் சுமந்துகொண்டு வருகிறது. பின்னால் வருகிறவன் "பாலக்! பாலக்!" என்று கத்துவான். வழி விடு என்று அர்த்தம். கழுதை இடித்த பிறகு எனக்கு அர்த்தம் விளங்கியது.

கறிக்கடை ஒன்றில் ஒட்டகத் தலையைக் கொத்துமல்லிக் கட்டோடு தொங்கவிட்டிருந்தார்கள். அது என்னையே பார்த்தது. ரொட்டிக் கடையில் பரோட்டாவைப் போலவே ஒன்று சுடுகிறார்கள். வாங்கித் தின்றேன். காசு நீட்டினேன், வேண்டாம் என்றார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சந்தைப் பக்கம் கை காட்டி "ஹாஜ் இத்ரீஸ்?" என்றார். வெளியூர் ஆட்கள் எல்லாரும் அந்தக் கடையைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. பெரிய கடையாக இருக்க வேண்டும்.

மஞ்சள் தோல் செருப்பு ஒரு ஜோடி பேரம் பேசினேன். முந்நூறு திர்ஹம் என்றான். எண்பது என்றேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். பக்கத்துக் கடைக்காரர் ஏதோ சொன்னார். உடனே இவன் முகம் மலர்ந்து "ஸாஃபி" என்று செருப்பைத் தாளில் சுற்றிவிட்டான். ஸாஃபி என்றால் சரி, முடிந்தது என்று பொருள். முப்பத்தைந்து வருட அனுபவம் வீண்போகவில்லை.

நவம்பர் 11, திங்கள்

ஹாஜ் இத்ரீஸ் கடைக்குப் போனேன்.

சின்னக் கடைதான். தரையில் மெத்தை, மூன்று பக்கமும் துணிச் சுருள்கள். மனிதர் ஒல்லி, நரைத்த தாடி, பழுப்பு நிற நீள அங்கி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாடிக்கையாளருக்கு எழுந்து நிற்கும் முதலாளியை நான் பார்த்ததில்லை. டீ வந்தது. புதினா போட்ட டீயைக் கெட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். நம் ஊர் டீ மாஸ்டர் நின்று பார்க்க வேண்டிய கை.

அவருக்கு அரபியும் பிரெஞ்சும். எனக்குத் தமிழ். இருவருக்கும் வெள்ளைக்காரர்களிடம் சரக்கை விற்கும் அளவுக்கு ஆங்கிலம். அது போதும். நான் இந்தியாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி, பெயர் அப்துல்லா என்றேன். "அப்துல்லா" என்று மிக மரியாதையாகத் திருப்பிச் சொன்னார். சிரிப்பை அடக்குகிற மாதிரி உதடு துடித்தது. வயதானவர், நரம்புத் தளர்ச்சி இருக்கலாம். குறை நம்பர் ஒன்று.

பளபளக்கும் துணி ஒன்றைக் காட்டி இது பட்டுதானா என்றேன். இந்தச் சந்தையில் அதைக் கற்றாழைப் பட்டு என்று சொல்லி வெளியூர்க்காரர் தலையில் கட்டுகிறார்கள் என்று வழியிலேயே கேள்விப்பட்டிருந்தேன். இவர் பொய் சொல்வார், பிடித்துவிடலாம் என்று தீப்பெட்டியோடு காத்திருந்தேன். நூலை எரித்தால் நாற்றத்தில் தெரிந்துவிடும். மனிதர் தலையை ஆட்டி, "பட்டு இல்லை. மெஷின் நூல். பார்க்க மட்டும் அழகு" என்றார். தீப்பெட்டியைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

இருபது துணி பிரித்துப் போட்டார். எனக்கு ஒன்றும் வாங்கும் எண்ணம் இல்லை. ஆனால் பிரித்த துணி பிரித்தபடி கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். பேசிக்கொண்டே ஒவ்வொன்றையும் மடித்து வைத்துவிட்டேன், விளிம்போடு விளிம்பு சேர்த்து. அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எழுந்து, "சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன். ஜவுளிக் கடையில் நின்றவர்களுக்கு இது தெரியும். "சுத்திப் பாத்துட்டு வாறோம்" என்று சொல்லிப் போகிற எந்த வாடிக்கையாளரும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் வாசல் வரை வந்து, நெஞ்சில் கை வைத்து வழியனுப்பினார்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. ஜுலைஹாவும் முஃபீதாவும் பொதுக் குளியல் வீட்டுக்குப் போனார்கள். நான் அறையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பொட்டலத்தைத் தொடவில்லை. இரண்டு தடவைதான் குலுக்கினேன்.

நவம்பர் 13, புதன்

இன்று முழுநேர விசாரணை.

எனக்கு அரபி எழுத்தைத் தண்ணீர் பட்டபாடாக வாசிக்க வரும். மதரஸாவில் ஓதிய பழக்கம். பொருள்தான் தெரியாது. கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டே போனேன். அதைக் கேட்டவர்கள் எனக்கு மொழி தெரியும் என்று நினைத்து மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று பொருள், எங்கும் பொருந்துகிற பதில் அதுதான்.

மசாலாக் கடைக்காரரிடம் ஹாஜ் இத்ரீஸ் எப்படி என்று கேட்டேன். இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினார். முடிவெட்டுகிறவரிடம் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். பாதி தாடியோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரும் உயர்த்தினார். இத்தனை பேர் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்பது விசாரணையின் முதல் பாடம்.

பள்ளிவாசல் வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஹாஜ் இத்ரீஸைப் பற்றி நீளமாகச் சொன்னார். கண்ணில் நீர் கட்டியது. ஆகா, குறை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்றும் விளங்கவில்லை. வழக்கம்போல "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். ஏன் என்று தெரியவில்லை.

நடந்து அலுத்து ஒரு கடையில் சூப்புக் குடித்தேன். கொண்டைக்கடலையும் தக்காளியும் போட்டது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் கொஞ்சம் எங்கள் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. இதற்கும் காசு வாங்கவில்லை. இப்படியே போனால் இந்த ஊரில் வியாபாரம் எப்படி விளங்கும்?

மாலையில் ஹாஜ் இத்ரீஸ் கடையில் ஒரு மணி நேரம். இரண்டு ஸ்பெயின்காரிகள் வந்தார்கள். எந்தத் துணி எடுப்பது என்று திணறினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நீலத் துணியைப் பிரித்துத் தோளில் போட்டு, முந்தானையை விரித்துக் காட்டுகிற மாதிரி ஒரு வீச்சு வீசினேன். இரண்டும் விற்றுவிட்டது. ஹாஜ் இத்ரீஸ் கைதட்டினார். விசாரிக்கப் போன இடத்தில் இது தேவையா என்று பிறகுதான் தோன்றியது. "சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜுலைஹா இரண்டு கையிலும் மருதாணி வைத்திருக்கிறாள். கடைத்தெருவில் சும்மா வைத்துவிட்டார்களாம். முழங்கை வரை, அத்தனை நுணுக்கமாக, சும்மா.

"எந்தக் கடையில?" என்றேன்.

"பேரெல்லாம் யாரு பாத்தா? நீங்க எங்க போயிட்டு வாறிய?"

"சும்மா சுத்தினேன்."

"நானும் சும்மாதான் சுத்தினேன்" என்று கையை ஊதிக்கொண்டாள்.

நவம்பர் 14, வியாழன்

காலையில் தோல் பதனிடும் இடத்தைப் பார்த்தோம். மாடியில் நின்றால் கீழே வட்ட வட்டமாகத் தொட்டிகள், மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக. உள்ளே ஆட்கள் இடுப்பளவு இறங்கித் தோலை மிதிக்கிறார்கள். வாசலில் ஆளுக்கு ஒரு புதினாக் கொத்து தருகிறார்கள், மூக்கில் வைத்துக்கொள்ள. ஜுலைஹா அதை ஆய்ந்து பைக்குள் போட்டுக்கொண்டாள், துவையலுக்கு.

மத்தியானம் பித்தளை விளக்கு ஒன்று வாங்கினேன். துளைபோட்ட வேலைப்பாடு. எண்ணூறு என்றார், இருநூறுக்கு முடித்தேன். ஸாஃபி. பத்து அடி தள்ளி நின்று விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பிரெஞ்சுக்காரி அதே மாதிரி விளக்கை அரை மணி நேரம் மல்லுக்கட்டி அறுநூற்றைம்பதுக்கு வாங்கிப் போனாள். பாவம், சாமர்த்தியம் போதாது.

அவள் போனதும் ஹாஜ் இத்ரீஸ் வந்தார். என்னைக் கவனிக்கவில்லை. விளக்குக்காரரிடம் சலாம் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். விளக்குக்காரர் என் மாதிரியே தொப்பியைச் சரிசெய்து, என் மாதிரியே விரலை நீட்டி நடித்துக் காட்டினார். ஹாஜ் இத்ரீஸ் அங்கியின் பையிலிருந்து நோட்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்து செருப்புக் கடைப் பக்கம் போனார்.

அவர்களுக்குள் வேறு கணக்கு இருக்கும். வியாபாரிகள் என்றால் ஆயிரம் கொடுக்கல் வாங்கல். நான் அதைப் பார்க்கவில்லை. ஜுலைஹாவிடம் சொல்லவும் இல்லை.

விளக்கைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

சந்தை அடைப்பு. இத்தனை நாள் தள்ளுமுள்ளாக இருந்த தெருவில் பூனைகள் மட்டும். ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். ஏழெட்டு வரிசை முன்னால் ஹாஜ் இத்ரீஸின் முதுகு தெரிந்தது. தொழுகை முடிந்து தலையைக் குனிந்து அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

விடுதிக்குத் திரும்பினால் பெரிய மண் தட்டில் கூஸ்கூஸ் காத்திருக்கிறது. ரவை மாதிரி, மேலே ஏழு வகைக் காய், ஆட்டுக்கறி. விடுதிக்காரம்மா தந்ததாம். விடுதிக்காரம்மா வியாழக்கிழமையே ரபாத் போய்விட்டது எனக்குத் தெரியும். ஜுலைஹா அதைக் கையால் உருண்டை பிடித்துத் தின்னுகிற அழகைப் பார்த்தால் இது அவளுக்கு முதல் தடவையாகத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. கறி நன்றாக வெந்திருந்தது.

சாப்பிட்டுவிட்டு முஃபீதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புதன்கிழமை பள்ளிவாசல் வாசலில் ஒருவர் அழுதாரே, அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"யூனுஸோட உம்மா மௌத்தாகி ஒரு வருசம் ஆவுது வாப்பா. அதைத்தான் சொல்லியிருக்காங்க. ஹாஜ் இப்ப அந்தப் பெரிய வீட்டுல தனியா இருக்காங்க. மத்தியானம் கடையிலயே ரொட்டி தின்னுக்கிடுவாங்க. வெள்ளிக்கிழமை மட்டும் யூனுஸ் வருவான். அன்னைக்கித்தான் அந்த வீட்டுல அடுப்பு எரியும். மௌத்தைக் கேட்டும் நீங்க அல்ஹம்துலில்லாஹ் சொன்னிய பாருங்க, இந்தியாக்காரருக்கு எவ்வளவு பொறுமைன்னு ஊரே பேசுது."

"ஊரேவா? என்னை யாருக்குத் தெரியும்?"

அவள் என் கைலியைப் பார்த்தாள். பிறகு என் தொப்பியைப் பார்த்தாள். "யாருக்கும் தெரியாது வாப்பா" என்றாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவமானம் என்றால் அவமானம்தான், வேறு எப்படி எழுதுவது? ஐந்து நாளாக ஒரு ஊரே சேர்ந்து எனக்கு விளையாட்டுக் காட்டியிருக்கிறது. என் ஒவ்வொரு பேரத்துக்கும் பின்னால் ஒருவர் வந்து மீதியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒல்லியான மனிதர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நவம்பர் 16, சனி

எங்கும் போகவில்லை. யோசித்தேன்.

குறை கிடைக்கவில்லை. போகட்டும். குறை சொல்லாமலே சம்பந்தத்தை முறிக்க வழி இருக்கிறது. எந்த வாடிக்கையாளருக்கும் தெரிந்த வழிதான். வாங்க விருப்பமில்லையா, கடைக்காரர் கொடுக்கவே முடியாத விலையைக் கேள். அவர் முடியாது என்பார். மரியாதையும் கெடாது, நடையைக் கட்டலாம். வேண்டாம் என்று சொன்னது நாமல்ல, அவர்.

எங்கள் ஊர் முறைப்படி மாப்பிள்ளை காயல்பட்டினத்துக்கு வந்து எங்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பேன். ஒரே மகனை, அதுவும் தனியாக இருக்கும் மனிதர், எப்படிக் கொடுப்பார்?

இந்த விலையில் மீதியைக் கொடுக்க ஆள் கிடையாது. இந்த ஒரு பேரத்திலாவது நான் சொந்தமாக ஜெயிக்க வேண்டும்.

ஜுலைஹாவிடம் சொன்னேன். விளக்கைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தாள்.

நவம்பர் 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹாஜ் இத்ரீஸின் வீடு. வெளியே மொட்டைச் சுவர், உள்ளே நுழைந்தால் முற்றம், ஓடு பதித்த தூண்கள், ஒரு எலுமிச்சை மரம். எல்லா அறையும் பூட்டியிருந்தது, ஒன்றைத் தவிர. யூனுஸ் வாசலிலேயே நின்றான். நல்ல உயரம். "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா" என்றான், அந்த மாமா மட்டும் முஃபீதா சொல்லிக் கொடுத்தது என்று தெரிந்தது. ஹாஜ் இத்ரீஸின் தங்கை ஜுலைஹாவைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் நாலு முத்தம் கொடுத்தாள். முதல் சந்திப்பில் நாலு முத்தம். பிறகு ஜுலைஹாவின் மருதாணியைப் பிடித்து, நன்றாகச் சிவந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். தான் வைத்ததைப் பார்க்கிற பார்வை.

ஹாஜ் இத்ரீஸ் என்னிடம் கை நீட்டி, "அப்துல்லா" என்றார்.

"சதக்குத்துல்லா" என்றேன். என் பெயரை இன்றுதான் அவரிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

டீ வந்தது. வழக்கம்போலத் தலைக்கு மேலிருந்து ஊற்றினார், சிந்தவில்லை. எள் ஒட்டிய தேன் பலகாரம் தின்றோம். பருவநிலை பேசினோம். இதற்கு மேல் தள்ளக் கூடாது என்று நான் ஆரம்பித்தேன்.

"முஃபீதா, நான் சொல்றதை அப்படியே சொல்லு. எங்க ஊருல மாப்பிள்ளை பொண்ணு வீட்டோட வந்து இருக்கணும். அதான் முறை. யூனுஸ் காயல்பட்டினத்துக்கு வந்துறணும். சம்மதம்னா பேசலாம்."

முஃபீதாவின் முகம் வெளுத்தது. "வாப்பா..."

"சொல்லு."

"இது வேண்டாம்னு சொல்ற மாதிரிதானே?"

"நான் வேண்டாம்னா சொன்னேன்? சொல்லு."

சொன்னாள். தாழ்ந்த குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு. யூனுஸ் ஏதோ பேச வாயெடுத்தான், ஹாஜ் இத்ரீஸ் விரலை மட்டும் தூக்கினார். எலுமிச்சை மரத்தைப் பார்த்தார். பூட்டிய கதவுகளைப் பார்த்தார். மகனை வெகுநேரம் பார்த்தார். நான் குவளையைக் கீழே வைத்து, எழுந்திருக்க ஆயத்தமானேன். கடைக்காரர் முடியாது என்றதும் எழுந்திருக்க வேண்டும், அதுதான் லட்சணம்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த அறையிலேருந்து கடல் தெரியுமான்னு கேக்குறாங்க வாப்பா."

எந்த அறை என்று நான் அவரிடம் சொன்னதில்லை. ஜுலைஹா மருதாணிக் கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"தெரியும்" என்றேன்.

தலையை ஆட்டினார். எனக்கு இன்னொரு குவளை டீ ஊற்றக் கெட்டிலைத் தூக்கினார். ஒரு வாரமாக ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத கை. தட்டெல்லாம் டீ. கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஸாஃபி."

வியாபாரத்தில் ஒரு சட்டம் உண்டு. நீ ஒரு விலை கேட்டு, கடைக்காரர் சரி என்றுவிட்டால், வாங்கியே தீர வேண்டும். கேட்டுவிட்டு நழுவப் பார்த்த எத்தனையோ வாடிக்கையாளர்களை முப்பத்தைந்து வருடத்தில் நானே மடக்கியிருக்கிறேன். இப்போது கேட்ட விலைக்கே சரக்கு என் முன்னால் இருந்தது. ஜெயித்துவிட்டேன். வாழ்க்கையில் இவ்வளவு மோசமாக எப்போதும் உணர்ந்ததில்லை. இந்த வாரம் முழுக்க என் பேரங்களுக்கு மீதி கொடுத்த அதே மனிதர், இதற்கும் தன் பையில் கை விட்டிருக்கிறார். இந்தத் தடவை பையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

"ஏன்னு கேளு" என்றேன்.

முஃபீதா கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல அவள் கண் நிறைந்தது. "அவங்களும் விசாரிச்சாங்களாம் வாப்பா. நம்ம ஊருல போயி விசாரிக்க முடியாதுல்ல? அதுனால கடையில உக்காந்தே விசாரிச்சாங்களாம். நீங்க வந்தா இருபது துணி பிரிக்கச் சொல்வியளாம், ஒண்ணும் வாங்க மாட்டியளாம். ஆனா ஒவ்வொண்ணையும் மடிச்சு வெச்சிட்டுத்தான் எந்திரிப்பியளாம். நாப்பது வருசத்துல இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்லையாம். அந்த வீட்டுக்கு எம்புள்ளைய அனுப்பலாம்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்களாம்."

நான் என்ன செய்வேன்? மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "வருசம் முழுக்க வேண்டாம்னு சொல்லு. ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க."

அவர் மறுத்தார். பேசியது பேசியதுதான், விலையைக் குறைக்கக் கூடாது என்றார். நான் நாலு மாசம் போதும் என்றேன். அவர் பத்து மாதம் என்றார். நான் மூன்று என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து, இது எனக்கு அவமானம் என்றார். நான் எழுந்து நின்று, ஒரு கடைக்காரன் இன்னொரு கடைக்காரனுக்குத் தள்ளுபடி தரக் கூடாதா என்று கத்தினேன். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, தன் பங்கைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டினோம்.

"வாப்பா!" முஃபீதாதான். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். "எங்க ரெண்டு பேரு வேலையும் காஸாபிளாங்காவுல. வீடும் அங்கதான் பாத்திருக்கோம். எங்களை ஒரு வார்த்தை கேக்காம ரெண்டு பேரும் யாரை யாருக்கு விக்கிறிய?"

அதையே யூனுஸ் அவன் தகப்பனாருக்கு அரபியில் சொல்லியிருக்க வேண்டும். ஹாஜ் இத்ரீஸ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பழைய வியாபாரிகள், கையில் சரக்கே இல்லாமல் இவ்வளவு நேரம் பேரம் பேசியிருக்கிறோம். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அவராகத்தான் இருக்கும், ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தவர்.

ஜுலைஹா பைக்குள் இருந்து பொட்டலத்தை எடுத்தாள். துணியைப் பிரித்தாள். உள்ளே ஒரு தகர டப்பா, அதற்குள் கருகமணி. நிக்காஹ் அன்று எங்கள் ஊர்ப் பெண் கழுத்தில் ஏறுவது. என் உம்மாவின் கழுத்தில் கிடந்தது.

"பருப்புப் பொடின்னு சொன்னே" என்றேன்.

"உங்கள்ட்ட வேற என்னத்தைச் சொல்ல?" என்றாள். "ஊருலயே முடிவு பண்ணிட்டுத்தான் பெட்டி கட்டினேன். நீங்கதான் ஊர் பாக்க வந்திய."

நவம்பர் 19, செவ்வாய்

நிக்காஹ் ஏப்ரலில், காயல்பட்டினத்தில்.

காலையில் செருப்புக் கடைக்குப் போய் இன்னொரு ஜோடி எடுத்தேன். முந்நூறு என்றான். எடுத்துக் கொடுத்தேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. பேரம் பேசாமல் வாங்கினால் அவனை மதிக்கவில்லை என்று அர்த்தமாம். கடைசியில் கூட வந்த ஹாஜ் இத்ரீஸ் பஞ்சாயத்து செய்து இருநூற்றிருபதுக்கு முடித்தார். அதுதான் நான் இந்தச் சந்தையில் கொடுத்த முதல் நிஜ விலை.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கடை வாசலில் பழக்க தோஷத்தில், "சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன். ஹாஜ் இத்ரீஸ் இல்லை என்று தலையாட்டினார். "இந்தத் தடவை நான்" என்றார்.

மாப்பிள்ளைக்கென்று கட்டிய மாடி அறைக்கு மாப்பிள்ளையின் வாப்பா வருகிறார், ஜனவரியில், இரண்டு மாதம். கடையைத் தங்கை மகன் பார்த்துக்கொள்வானாம். மூன்று மாதம் இருங்கள் என்றேன். ஒன்று போதும் என்றார். இரண்டில் முடிந்தது.

ஊருக்குப் போனதும் முதல் வேலை, அந்தக் குழாயைச் சரி செய்ய வேண்டும்.